புதிய கட்டடம் வரும்வரை

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். வெளிநாட்டுக் கிளைகளின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே பிரசுரிக்கப்படுகிறது.)



இந்த மண்டபத்தில் ஒலிவாங்கியின் முன் நான் நிற்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஏழாந்தரத்தில், பேச்சுப் போட்டிக்கு. பாதியில் மறந்துபோய் அழுதுகொண்டு இறங்கினேன். அன்று என்னைத் தேற்றிய ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், இந்தமுறை தாளைக் கையில் கொண்டுவந்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் 1978. நவம்பர் 23ஆம் திகதி இரவை இங்குள்ள என் வயதுக்காரர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். சூறாவளி ஓய்ந்து விடிந்தபோது எங்கள் வீட்டில் ஓடு இல்லை, வளவில் நின்ற தென்னைகளில் மூன்றுதான் மிச்சம். வளை விழுந்து கால் முறிந்த எங்கள் பெரியம்மாவை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி ஊர் ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் ஓடினேன். அங்கேயும் கூரைகள் பறந்திருந்தன. ஒரேயொரு பழைய வாட்டுக்கு மட்டும் கூரை இருந்தது. ஆண், பெண், குழந்தை, பிரசவம் என்ற வேறுபாடில்லாமல் எல்லா நோயாளரும் அதற்குள்தான் இருந்தார்கள்.

பல வருடங்களின் பின், நான் கட்டடப் பொறியியலாளராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவரிடம் அந்த வாட்டைப் பற்றிக் கேட்டேன். “அந்தக் கட்டடத்துக்கு மட்டும் முந்தின வருசம் கைமரம் மாத்தி, கம்பி போட்டு இறுக்கினனாங்கள், பிள்ளை. மத்ததுகளுக்குக் காசு வரல்ல” என்றார். அவருக்கு அது ஒரு சாதாரண வேலை. நான் இன்று சொல்ல வந்திருப்பதெல்லாம் அந்தச் சாதாரண வேலையைப் பற்றித்தான்.

நூற்றாண்டை முன்னிட்டு எமது சங்கம் பிரதேசத்து வைத்தியசாலை ஒன்றுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கிளைகள் எல்லாம் ஒருமுகமாகக் கேட்டிருக்கின்றன. நல்ல எண்ணம். என்ன செய்வது என்பதில்தான் பேச்சு இருக்கிறது. இரண்டு மாடி வாட்டு ஒன்றைக் கட்டிக் கல்லூரியின் பெயரை வைப்போம் என்பது பலரின் விருப்பம். அதற்கு மாறான ஒரு கருத்தை நான் முன்வைக்கப் போகிறேன். தீர்மானிக்க வேண்டியது பொதுக்கூட்டம்.

முதலில் எங்கள் நிலைமையைப் பார்ப்போம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நகரத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அது மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. மருத்துவ மாணவரும் விசேட வைத்தியர்களும் அங்கே இருக்கிறார்கள். அதற்குக் கீழே களுவாஞ்சிக்குடி, ஏறாவூர், காத்தான்குடி, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகள். அதற்கும் கீழே மகிழடித்தீவு, மண்டூர், கரடியனாறு, வாகரை போன்ற பிரதேச வைத்தியசாலைகள். ஆதார, பிரதேச வைத்தியசாலைகளைப் பெரும்பாலும் மாகாண நிருவாகமே பார்க்கிறது. 13ஆவது திருத்தத்தோடு வந்த பிரிவினை இது. போதனா வைத்தியசாலைக்கு ஒரு பெரிய கட்டடம் வேண்டுமென்றால் கொழும்பில் பேச ஆளிருக்கும், வெளிநாட்டுத் தூதரகமும் கவனிக்கும். படுவான்கரையில் ஒரு மகப்பேற்று விடுதியின் பீலி உடைந்தால் அதைக் கொழும்பில் யாரும் கவனிக்கமாட்டார்கள். மாகாணத்துக்கு வரும் மூலதன நிதியில் பாடசாலை, வீதி, நீர்ப்பாசனம் எல்லாவற்றோடும் சேர்ந்து அந்தப் பீலியும் வரிசையில் நிற்கவேண்டும்.

அந்தச் சின்ன வைத்தியசாலை ஏன் முக்கியம்? 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: இங்கே ‘பாதை’ என்றால் வாகனமும் சனமும் ஏற்றிப்போகும் மிதவை. குறுமண்வெளியில் இருந்து மண்டூருக்கு அப்படித்தான் போய்வந்தோம். பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களின் கதை இந்த மண்டபத்திலேயே பலரின் குடும்பத்தில் இருக்கும். பாலம் வந்தபின்னும் மாரி வெள்ளம் வீதியை மூடினால் பழைய நிலைதான். 2011 ஜனவரி வெள்ளத்தில் அதைக் கண்டோம். நகரத்து வைத்தியசாலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த நாளில் படுவான்கரைத் தாய்க்குப் பக்கத்தில் இருப்பது அந்தச் சின்ன வைத்தியசாலைதான்.

அந்தக் கட்டடங்களுக்கு என்ன நோய் என்றும் சொல்லவேண்டும். பழைய கட்டடம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, இரண்டு பக்கமும் சன்னல், சுற்றிவர விறாந்தை உள்ள நீளமான வாட்டு. 19ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வலியுறுத்திய அமைப்பு அது: எதிரெதிர் சன்னல்கள், கட்டில்களுக்கிடையே இடம், கூரைவரை காற்று. அதைப் பழைய பாணி என்று ஒதுக்கினோம். கொவிட் வந்தபோது, குளிரூட்டிய அடைத்த அறைகளைவிட அந்த விறாந்தை வாட்டுகளில் தொற்றுப் பயம் குறைவு என்பதை எல்லோரும் உணர்ந்தோம். அவற்றின் நோய் பெரும்பாலும் கூரையில்தான்: உக்கிய கைமரம், விலகிய ஓடு, கறையான். அது குணப்படுத்தக்கூடிய நோய்.

மற்றது, பிற்காலத்தில் அவசரமாகக் கட்டிய கொங்கிறீற்றுக் கட்டடங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் காற்றே உப்பு. அந்த உப்பு நுண்ணிய வெடிப்புகளால் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடித்துக் கழன்று விழுகிறது. வெளியே சுண்ணாம்பு அடித்து மறைத்தால் நோய் உள்ளே வளரும். ஆரம்பத்தில் பார்த்தால் சில ஆயிரம் ரூபாவோடு போகும் வேலை, பத்து வருடம் விட்டால் தூணையே மாற்றும் வேலையாகிவிடும். அஸ்பெஸ்ரஸ் சீற்றுக் கூரைகளையும் மறக்கக்கூடாது. அவற்றை உடைத்துக் கழற்றும்போது தூசி பறக்காமல் நனைத்து, முகமூடியோடு செய்யவேண்டும். நோயாளரைக் கட்டிலில் வைத்துக்கொண்டே கூரை மாற்றிய இடங்களும் உண்டு.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். அங்கே நான் சொன்ன முதலாவது வகை வாட்டு ஒன்று இருந்தது. இருபது கட்டில், ஒழுக்கு. புதிய இரண்டு மாடிக் கட்டடத்துக்குப் பணம் வருகிறது, இடம் வேண்டும் என்றார்கள். பழையதை இடிக்கலாம் என்று பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவள் நான். இரண்டு வருடத்தில் புதியது எழும்பும் என்பது திட்டம். அத்திவாரமும் தூண்களும் எழும்பியதோடு பணம் நின்றது. ஒன்பது மாரி அந்தத் தூண்களின் மேல் பெய்தது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருவேறி வளைந்தன. நோயாளர் வெளிநோயாளர் பிரிவின் விறாந்தையில் பாயில் கிடந்தார்கள்.

ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது அங்கே பொறுப்பாக இருந்த மிஸ்ஸி என்னைக் கண்டார். எங்கள் கல்லூரிதான், எனக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவர். கோபமாகச் சொல்லவில்லை. “ஒழுகினாலும் அது வாட்டு, அக்கா. இப்ப எங்களுக்கு விறாந்தைதான்” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

அவர் இன்னொன்றும் காட்டினார். ஒரு சீ.ஆர். கொப்பி. எந்தத் திகதியில் எந்த இடத்தில் ஒழுகியது, எந்த ஆளி சூடாகிறது, எந்தக் கழிவறைக் குழாய் அடைத்தது, யாருக்கு அறிவித்தது, எப்போது வந்து திருத்தினார்கள், எப்போது வரவில்லை, எல்லாம் அழகான கையெழுத்தில். நான் தயாரித்த எந்த அறிக்கையையும்விட அந்தக் கொப்பி அந்தக் கட்டடத்தை நன்றாக அறிந்திருந்தது. அதை இடிப்பதற்கு முன் யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இது எங்கள் பக்கத்தில் மட்டும் நடப்பதல்ல. காலியில் மகாமோதரை மகப்பேற்று வைத்தியசாலை கடலோரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அதையும் தாக்கியது. அப்போது இலங்கையில் இருந்து உயிர்தப்பிய ஜேர்மனியின் முன்னாள் அதிபர் ஹெல்முட் கோல் முன்னின்றதால், ஜேர்மன் உதவியோடு கராப்பிட்டியில் புதிய மகளிர் வைத்தியசாலை கட்ட முடிவானது. பணம் கொடுக்க ஒரு வல்லரசு நாடு, ஆதரவாக ஒரு பெரிய மனிதர், இடமும் கிடைத்தது. ஆனாலும் அது திறக்கப்பட்டது 2024 மார்ச்சில். கிட்டத்தட்ட 20 வருடம். அந்த 20 வருடமும் தென்மாகாணத்துத் தாய்மார் பிள்ளை பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், அந்தப் பழைய கடலோரக் கட்டடத்தில்.

நான் சொல்லவருவது இதுதான். புதிய கட்டடம் வரும்வரை ஒரு காலம் இருக்கிறது. அது இரண்டு வருடமாகவும் இருக்கலாம், இருபது வருடமாகவும் இருக்கலாம். அந்தக் காலத்துக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. ‘புதிது வருகிறதுதானே, இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும்’ என்று பழையதைக் கைவிடுகிறோம். புதிது வந்தபின் அதற்கும் அதே கதிதான். 1990இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபை பொதுக் கட்டடங்களைப் பற்றி ஒரு அளவு சொன்னது: ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் நூற்றுக்கு 2 முதல் 4 வரை ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்கும் திருத்தத்துக்கும் வேண்டும். நாங்கள் 5 கோடி ரூபாவில் ஒரு வாட்டுக் கட்டினால் வருடம் 10 முதல் 20 இலட்சம் ரூபாவை யாராவது அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். நாடா வெட்டும் நாளில் அந்தக் கணக்கை யாரும் வாசிப்பதில்லை. அதோடு, கட்டடம் எழும்பினாலும் தாதியர், சிற்றூழியர் பதவிகளுக்கு ஆளணி அனுமதி கிடைக்காவிட்டால் பூட்டித்தான் கிடக்கும். அந்த அனுமதி நன்கொடையாளர் கையில் இல்லை.

அப்படியென்றால் சாதாரண மக்கள் பணம் சேர்த்துப் பெரிய காரியம் செய்ய முடியாதா? முடியும். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்கப் பெண்களான மேரி லீச், மார்கரெட் லீச் சகோதரிகள் பிரித்தானியாவில் கூட்டம் கூட்டமாகப் பேசி, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கென்று ஒரு வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்கள். இணுவில் மக்லியோட் வைத்தியசாலை அப்படி வந்ததுதான். பக்கத்தில் மானிப்பாயில், 1847இல் வந்து தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீனின் பெயரால் ஒரு வைத்தியசாலை இருக்கிறது. தழைத்திருந்த அந்த இடமும் பின்னாளில் நலிந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களும் ஊராரும் கைகொடுத்துத்தான் மீண்டும் எழுப்பினார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: கட்டுவதற்குச் சேர்ந்த கை, காப்பதற்கும் சேர்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அதே பணத்தை மறுபடியும் சேர்க்கும்.

ஆகவே மூன்று வேலைகளை முன்மொழிகிறேன்.

முதலாவது, ஒரு பரிசோதனை. எழுவான்கரையில் ஒன்றும் படுவான்கரையில் இரண்டுமாக மூன்று சிறிய வைத்தியசாலைகளை எடுப்போம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியோடு ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்து எழுதுவோம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் உலக சுகாதார தினத்தையே அனர்த்தங்களில் வைத்தியசாலைகளின் பாதுகாப்புக்கென்று அர்ப்பணித்தது. அதற்கான கேள்விக்கொத்துகள் உண்டு. கட்டடம் நிற்குமா, தண்ணீரும் மின்சாரமும் ஒட்சிசனும் நிற்குமா, ஆட்கள் என்ன செய்யவேண்டும் என்று தெரியுமா என்ற மூன்று பகுதியாக அவை கேட்கும். மின்பிறப்பாக்கி வெள்ளம் ஏறும் தரையில் இருந்தால் கட்டடம் நின்றும் பயனில்லை. பொறியியல் படித்த எங்கள் மாணவிகள் இங்கே பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம் என்று நான் முதலில் கையெழுத்திடுகிறேன். ஆனால் முதல் கேள்வியை அங்குள்ள மிஸ்ஸிமாரிடமும் சிற்றூழியரிடமும் கேட்போம். அவர்களின் கொப்பியில் இருந்து தொடங்குவோம். எதைத் திருத்தலாம், எது எத்தனை வருடம் தாங்கும், எதை உண்மையிலேயே இடிக்கவேண்டும் என்று மூன்று பட்டியல் வரும். இடிக்கவேண்டியவையும் இருக்கும். பழையது என்பதற்காக ஆபத்தானதைக் காப்பாற்றச் சொல்லவில்லை. ஆனால் மாற்றிடம் ஆயத்தமாகும்வரை ஒரு கட்டிலும் விறாந்தைக்குப் போகக்கூடாது.

இரண்டாவது, ஒரு பராமரிப்பு நிதி. முழுப் பணத்தையும் வங்கியில் நிலையான வைப்பில் போட்டு வட்டியில் நடத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். 2022ஐ மறந்துவிடக்கூடாது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. ரூபாவில் வைத்த நிதி கரைந்ததைக் கண்ணால் கண்டோம். அதனால் ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையைவிட மாதாமாதம் வரும் சிறுதொகை பாதுகாப்பானது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் உள்ள 200 பேர் மாதம் 5 பவுணுக்குச் சமமானதைத் தந்தால் வருடம் 12,000 பவுண். இன்றைய மாற்றுவீதத்தில் 40 இலட்சம் ரூபாவுக்கு மேல். முன்பு சொன்ன கணக்குப்படி, 5 கோடி பெறுமதியான இரண்டு முதல் நான்கு வாட்டுகளை ஒரு வருடம் பராமரிக்கப் போதும். ஒவ்வொரு வருடமும் ஆவணி, புரட்டாதியில், மாரிக்கு முன், கூரை, பீலி, வடிகால், மின்னிணைப்பு நான்கையும் பார்த்து முடிக்கவேண்டும். மழை தொடங்கியபின் கூரையில் ஏற ஆளில்லை. வேலைகள் வைத்தியசாலை அபிவிருத்திக் குழு ஊடாக, அதிகாரிகளின் அங்கீகாரத்தோடு நடக்கட்டும். கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநோயாளர் பிரிவின் சுவரிலும் எமது சங்கத்தின் பலகையிலும் ஒட்டப்படட்டும்.

மூன்றாவது, கேட்கும் வேலை. ‘இது அரசாங்கத்தின் கடமை அல்லவா, நாங்கள் ஏன் செய்யவேண்டும்’ என்று இன்று காலை ஒரு தங்கை கேட்டார். சரியான கேள்வி. அரசாங்கத்தின் கடமைதான். எங்கள் காசு அதற்குப் பதிலாகிவிடக் கூடாது. அடுத்த வருடத்துக்கான மதிப்பீடுகள் இந்த வருட நடுப்பகுதியிலேயே தயாராகத் தொடங்கிவிடும். அதற்கு முன் படமும் அளவும் தொகையும் உள்ள எங்கள் பரிசோதனை அறிக்கை மாகாணப் பணிப்பாளரின் மேசையில் இருக்கவேண்டும். ‘வைத்தியசாலை பழுதடைந்துவிட்டது, கவனியுங்கள்’ என்ற மகஜர் கோப்பில் தூங்கும். ‘மகப்பேற்று விடுதியின் மேற்குக் கூரையில் இத்தனை கைமரம், இத்தனை ரூபா, பாதியை நாங்கள் தருகிறோம்’ என்ற கடிதத்துக்கு ஒரு பதில் எழுதியே ஆகவேண்டும்.

இதில் ஒரு குறை இருப்பது எனக்குத் தெரியும். பீலிக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. திறப்பு விழா இல்லை, படம் இல்லை. அடுத்த நூற்றாண்டு மலரில் போட ஒரு கட்டடமும் இருக்காது. சந்தா கொடுத்த அக்காமாருக்கு ‘எங்கே எங்கள் காசு’ என்றால் ‘ஒழுகாத கூரையில்’ என்றுதான் காட்டமுடியும். அது போதாது என்று நினைப்பவர்களின் மனதை நான் குறைசொல்லவில்லை. இந்தக் கல்லூரியின் பெயர் ஒரு சுவரில் இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு.

ஆனால் இந்த மண்டபத்தையே பாருங்கள். சூறாவளியையும் போரையும் வெள்ளத்தையும் தாண்டி இது நிற்கிறது. இதைக் கட்டியவர்களின் பெயர் வாசலில் இருக்கிறது. ஒவ்வொரு விடுமுறையிலும் ஓடு மாற்றியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. இரண்டு தரப்பும் இல்லாவிட்டால் இன்று நாம் இங்கே இருந்து பேசமாட்டோம்.

பெரியம்மா அந்த வாட்டில் பதினொரு நாள் இருந்தார். அதன்பின் இருபத்தாறு வருடம் நடந்து திரிந்தார், கொஞ்சம் நொண்டியபடி. அந்தக் கைமரத்தை மாற்றிய தச்சனார் யார் என்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது.

பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வரும்போது இதையும் ஒரு பக்கத்தில் வைத்து யோசியுங்கள் என்று கேட்டு, இந்தமுறை என்னை அழாமல் இறங்கவிட்ட ரீச்சருக்கு நன்றி கூறுகிறேன்.